லினக்ஸ் பெட்டிக்கு மதர்போட்: பேரைப் பாக்கிறதா, சிப்பைப் பாக்கிறதா?

புதுப்பெட்டி | 2025.10.12, இரவு 9.14

வாற 14ஆம் திகதியோட வின்டோஸ் 10க்கு அப்டேற் முடியுது. வீட்டில இருக்கிற பழைய பெட்டி 11க்கு ஏறாது. புதுசா ஒண்டு பூட்டி டெபியன் 13 (ஒரு லினக்ஸ் வகை) மட்டும் போடுற எண்ணம். ஏஎம்டியின்ர ரைசன் 5 5600ஜி சிபியு கையில இருக்கு. கிராபிக்ஸ் காட் இல்லை, வாங்கிற யோசினையும் இல்லை. வேலை: புரோகிராமிங், இடைக்கிடை ஒரு வேர்ச்சுவல் மெஷின், இரவில படம்.

கஸ்தூரியார் வீதியில ஒரு கடையில பி450 சிப்செற் (சிபியுவை மிச்சச் சாமான்களோட இணைக்கிற சிப்) உள்ள போட் ஒண்டு மலிவாக் கிடக்கு. அந்தக் கடைக்காரர் லினக்ஸுக்கு அசூஸ்தான் சரி எண்டுறார். பக்கத்துக் கடைக்காரர் கிகாபைட் எண்டுறார். ஆற்றை சொல்லைக் கேக்கிறது?

திண்ணை | 2025.10.12, இரவு 10.02

ரெண்டு பேற்றையும் கேக்காதையுங்கோ தம்பி. பெட்டியில இருக்கிற பேர் லினக்ஸோட கதைக்கிறதில்லை. கதைக்கிறது போட்டில ஒட்டியிருக்கிற நாலு சின்னச் சிப்புகள்: லான் (வயர் நெற்வேர்க்), வைஃபை, சவுண்ட், அடுத்தது விசிறியையும் சூட்டையும் பாக்கிற சுப்பர் ஐ/ஓ. ஒரே கொம்பனியின்ர ரெண்டு போட்டில இந்த நாலும் வேற வேற. ஒரே மாதிரியிலகூட ரிவிஷன் மாறேக்க வைஃபைச் சிப் மாறும். அட்டைப்பெட்டியில ஒரே பேர்தான் இருக்கும். ரிவிஷன் நம்பர் போட்டின்ர மூலையில பொடி எழுத்தில அச்சடிச்சிருக்கும்.

அதால கடையில கேக்கவேண்டியது "எந்தக் கொம்பனி" இல்லை. "லான் சிப் என்ன, வைஃபை இருந்தால் அது ஆற்றை, ரிவிஷன் என்ன, பயோஸ் எந்த ஆண்டு" எண்டு கேளுங்கோ. பயோஸ் எண்டது போட்டை எழுப்பிற மென்பொருள். கடைக்காரருக்குத் தெரியாட்டி போட்டை வெளியில எடுத்துத் தரச் சொல்லுங்கோ. லான் போர்ட்டுக்குப் பின்னால சின்னச் சதுரச் சிப் ஒண்டு இருக்கும். அதில நண்டுப் படம் இருந்தால் றியல்ரெக். கீழ 8111எச் எண்டு கிடந்தால் யோசிக்காமல் எடுக்கலாம். யாழ்ப்பாணத்தில நண்டை விட்டிட்டு வாறதும் வழக்கம் இல்லைத்தானே.

திண்ணை | 2025.10.12, இரவு 10.40

லானைப் பற்றி இன்னும் கொஞ்சம், ஏனெண்டால் லான் இல்லாட்டி மிச்ச எதையும் இறக்கித் திருத்தேலாது.

றியல்ரெக் 8111 குடும்பம் 1 கிகாபிற். லினக்ஸின்ர மையமான கேர்னலுக்குள்ள இருக்கிற ஆர்8169 ட்ரைவர் அதை எடுக்கும். 8125 குடும்பம் 2.5 கிகாபிற். அதுக்கு கேர்னல் 5.9 வேணும். இன்ரெல் பக்கம் ஐ219-வி எண்டால் ஈ1000ஈ ட்ரைவர், பிரச்சினை இல்லை. ஐ225-வி 2.5 கிகாபிற், ஐஜிசி ட்ரைவர். இதின்ர முதல் சிப்புகள் வன்பொருளிலயே பிழையோட வந்தது. பி3 எண்ட ஸ்ரெப்பிங்கிலதான் (சிப்பின்ர திருத்தப் பதிப்பு) சரிப்படுத்தினவை. பழைய சரக்கில அது எந்த ஸ்ரெப்பிங் எண்டு கடையில பாக்கிறது கஷ்டம், அதால 2.5க்காக ஐ225ஐத் தேடிப் போகாதையுங்கோ. பின்னால வந்த ஐ226-வி சிலரிடத்தில இணைப்பு அறுந்து அறுந்து வரும். மின்சாரம் மிச்சம் பிடிக்கிற ஈஈஈ எண்ட வசதியை ஈத்தூல் கட்டளையால நிப்பாட்டினால் பெரும்பாலும் அடங்கும்.

உங்கட றௌற்றரின்ர லான் ஓட்டைகள் 1 கிகாபிற் எண்டால் 2.5க்குக் காசு குடுக்கிறதில அர்த்தம் இல்லை.

வடலி | 2025.10.13, காலை 6.55

அண்ணை, ஒரு திருத்தம். 8125இன்ர முதல் பதிப்பு 5.4 கேர்னலிலயே வந்திட்டுது. 5.9 கேக்கிறது 8125பி. இண்டைக்கு விற்கிற போட்டில இருக்கிறது பெரும்பாலும் பி எண்டபடியால் நீங்கள் சொன்னது நடைமுறையில சரி. ஆனால் பழைய லினக்ஸ் மின்ட் 20ஐப் பென்ட்ரைவில வைச்சுக்கொண்டு கடையில சோதிக்கிற ஆக்கள் இருக்கினம். அதில 5.4 கேர்னல். லான் தெரியாது, போட் பழுது எண்டு திருப்பிக் குடுத்திட்டு வருவினம்.

மற்றது, 8111க்கு "யோசிக்காமல் எடுக்கலாம்" எண்டதோட முழுசா உடன்படேல்லை. சில போட்டில பிசிஐஈ (போட்டில சாமான்களை இணைக்கிற பாதை) மின்மிச்ச முறையும் அந்தச் சிப்பும் ஒத்துப்போகாது. பெரிய கோப்பு இறக்கேக்க லான் அப்பிடியே உறைஞ்சு போகும். டிமெசேஜ் (கேர்னலின்ர குறிப்பேடு) பாத்தால் நெற்டெவ் வாட்ச்டோக் எண்டு ஒரு வரி நிக்கும். உடன ஆர்8168 டிகேஎம்எஸ் ட்ரைவரைப் போடுங்கோ எண்டு எல்லா இடமும் எழுதியிருக்கு. அதை முதல்ல செய்யாதையுங்கோ. டிகேஎம்எஸ் எண்டால் கேர்னல் மாறுற ஒவ்வொரு முறையும் ட்ரைவர் திருப்பிக் கட்டுப்படவேணும். கேர்னல் ஹெடர் பொதி இல்லாட்டி கட்டுப்படாது. அடுத்த றீபூட்டில லான் இல்லை, ஹெடரை இறக்க லான் வேணும். கிணத்துக்குள்ள விழுந்த வாளியை எடுக்க அதே வாளியைத் தேடுற கதை. முதல்ல கிரப்பில (லினக்ஸை எழுப்பிற நிரல்) பிசிஐஈ_ஏஎஸ்பிஎம்=ஓஃப் குடுத்துப் பாருங்கோ. கனபேருக்கு அதோட சரி.

திண்ணை | 2025.10.13, காலை 7.20

ஏற்றுக்கொள்ளுறன். "யோசிச்சு எடுக்கலாம்" எண்டு வாசியுங்கோ.

புதுப்பெட்டி | 2025.10.13, மாலை 6.30

கடையில கேட்டுப் பாத்தன். அந்த பி450 போட்டில 8111எச்தான். வைஃபை இல்லை. பயோஸ் எந்த ஆண்டு எண்டு அவைக்குத் தெரியேல்லை. பெட்டி சீல் உடைக்கேல்லை. எடுக்கலாமோ?

பழைய இரும்பு | 2025.10.13, இரவு 8.05

சீல் உடைக்காத பி450 எண்டால்தான் பயப்பிடவேணும். அந்தச் சிப்செற் 2018இல வந்தது. 5600ஜி வந்தது 2021 ஓகஸ்ற்றில. போட் அதுக்கு முந்தித் தொழிற்சாலையால வெளிக்கிட்டிருந்தால் உள்ள இருக்கிற பயோஸுக்கு உங்கட சிபியு ஆரெண்டே தெரியாது. விசிறி சுத்தும், திரை கறுப்பு. போட் செத்துப்போச்சு எண்டு கடைக்குக் கொண்டு ஓடவேணும். பழைய ரைசன் ஒண்டைப் பூட்டி பயோஸை ஏத்தித் தந்தால் வாங்குங்கோ. இல்லாட்டி விடுங்கோ.

திண்ணை | 2025.10.13, இரவு 9.11

பழைய இரும்பு சொன்னது சரி. அதோட, பி450இல சிபியு இல்லாமல் பயோஸ் ஏத்துற பொத்தானும் இருக்காது.

வடலி | 2025.10.13, இரவு 9.30

சிலதில இருக்கு. போட்டின்ர பின்பக்கத்தில யூஎஸ்பி ஓட்டைகளுக்குப் பக்கத்தில சின்னப் பொத்தான் ஒண்டு, "ஃபிளாஷ்" எண்டு ஏதாவது எழுதியிருக்கும். இருந்தால் செய்யிற முறை இது. பென்ட்ரைவை எஃப்ஏற்றி32 ஆக ஃபோர்மற் பண்ணுங்கோ. எக்ஸ்ஃபற், என்ரிஎஃப்எஸ் சரிவராது. பயோஸ் கோப்பை அவிழ்த்துப் பென்ட்ரைவின்ர வேரில வையுங்கோ, ஃபோல்டருக்குள்ள இல்லை. கோப்பின்ர பேரை மனுவலில சொன்ன மாதிரி எழுத்துப் பிசகாமல் மாத்துங்கோ. ஒவ்வொரு கொம்பனிக்கும் ஒவ்வொரு பேர், கன தோல்வி இந்த இடத்திலதான். 24 பின் வயரும் சிபியுவுக்குப் போற 8 பின் வயரும் மட்டும் குத்துங்கோ. சிபியு, றாம் ஒண்டும் தேவையில்லை. பென்ட்ரைவை அடையாளம் போட்ட அந்த ஒரு ஓட்டையில மட்டும் செருகி, பொத்தானை அமத்துங்கோ. லைற் மின்னும். மின்னி முடியுமட்டும் அஞ்சு பத்து நிமிசம் கை வைக்காதையுங்கோ. மின்னத் தொடங்கி உடனயே நிண்டிட்டுது எண்டால் அது முடிஞ்சதில்லை, பெரும்பாலும் கோப்பை வாசிக்கேல்லை எண்டு அர்த்தம்.

அதை யூபிஎஸ் இல்லாமல் செய்யவேண்டாம் எண்டு யாழ்ப்பாணத்தில இருக்கிற ஆளுக்குச் சொல்லத் தேவையில்லை.

திண்ணை | 2025.10.13, இரவு 10.15

அப்ப அடுத்த சிப்செற்றான பி550 எடுக்கட்டோ எண்டு அடுத்த கேள்வி வரும். முதலே சொல்லிவிடுறன். பி550இன்ர பெருமை பிசிஐஈ 4.0. 5600ஜிக்கு பிசிஐஈ 3.0 மட்டும்தான் தெரியும். அந்தக் காசு வீண். அதின்ர மலிவுத் தம்பி ஏ520 காணும்.

திண்ணை | 2025.10.14, காலை 5.50

இரவு எழுதினதைத் திருப்பி வாசிச்சன். அரைவாசிதான் சரி. சிபியுவில இருந்து வாற பாதைகளுக்குத்தான் அந்தக் கணக்கு. சிப்செற்றில இருந்து வாற பாதைகள் பி450இல பிசிஐஈ 2.0, பி550இல 3.0. ரெண்டாவது எம்.2 ஸ்லொட்டும் (என்விஎம்ஈ எண்ட வேகமான எஸ்எஸ்டியைப் பூட்டிற இடம்) சின்ன எக்ஸ்1 ஸ்லொட்டுகளும் சிப்செற்றிலதான் தொங்குது. அப்ப ரெண்டு என்விஎம்ஈ போடுற ஆளுக்கு பி550இல பலன் இருக்கு, 5600ஜி எண்டாலும். ஒரு என்விஎம்ஈ, ஒரு பழைய ஹார்ட் டிஸ்க் எண்டால் ஏ520 காணும் எண்டது நிக்குது.

எம்.2 பற்றி ஒரு பொறி. கன போட்டில ரெண்டாவது எம்.2இல ஒண்டைப் பூட்டினால் சாட்டா 5உம் 6உம் (ஹார்ட் டிஸ்க் குத்துற ஓட்டைகள்) செத்துப்போகும். பாதையை அதுக்குத் தூக்கிக் குடுத்திடும். ஹார்ட் டிஸ்க் காணேல்லை எண்டு லினக்ஸைத் திட்டுறவைக்கு விளக்கம் போட் மனுவலின்ர சேமிப்புப் பக்கத்தில, அட்டவணைக்குக் கீழ நட்சத்திரக் குறி போட்ட சின்ன எழுத்தில இருக்கு. வாங்க முந்தி மனுவலை இறக்கி அந்த ஒரு பக்கத்தை எண்டாலும் வடிவா வாசியுங்கோ.

பழைய இரும்பு | 2025.10.14, பகல் 12.40

ஏ520 எடுக்கிறதெண்டால் சிபியுவுக்கு மின்சாரம் குடுக்கிற பகுதியில உலோக மூடி இருக்கிறதா எடுங்கோ. 5600ஜி 65 வற் சிபியு, முழுப் பாரத்தில 88 வற் வரைக்கும் இழுக்கும். மூடி இல்லாத போட்டும் தாங்கும். ஆனால் ஏசி இல்லாத அறை, பங்குனி சித்திரை வெக்கை, பெட்டி சுவரோட ஒட்டிக்கிடக்கு, அதில மணித்தியாலக் கணக்கில கொம்பைல் ஓடினால் அந்தப் பகுதி நல்லாக் காயும். 105 வற் சிபியு பிறகு போடுற எண்ணம் இருந்தால் மூடி இல்லாததைத் தொடவேண்டாம்.

கடற்கரைப் பக்கம் ஆக்கள் இன்னொண்டும் கவனியுங்கோ. உப்புக் காத்துக்கு முதல்ல பழுதாகிறது சிப் இல்லை, றாம் ஸ்லொட்டும் பின்பக்க யூஎஸ்பியும். வருசத்தில ரெண்டு தரம் றாமைக் கழட்டி, தங்கப் பல்லை மைபடாத வெள்ளை அழிறப்பரால ஒருக்காத் தேய்ச்சுப் பூட்டினால் "திரை வரேல்லை" எண்ட கேஸில பாதி வராது.

புதுப்பெட்டி | 2025.10.14, இரவு 7.45

வைஃபை வேணும். பெட்டி இருக்கிற அறைக்கு வயர் இழுக்கேலாது. வைஃபை உள்ள போட்டா, இல்லாத போட் எடுத்து வேற காட் போடுறதா?

வடலி | 2025.10.14, இரவு 8.30

இல்லாத போட்டும் தனிக் காட்டும். காரணம் சொல்லுறன்.

போட்டோட வாற வைஃபை என்ன சிப் எண்டு வெளியில எழுதுறேல்லை, "வைஃபை 6" எண்டு மட்டும் போடுவினம். உள்ள மீடியாரெக் எம்ரி7921 இருக்கலாம். அது கேர்னல் 5.12 தொடக்கம் ஓடும், பிழையில்லை. றியல்ரெக் 8852பிஈ இருக்கலாம். அதுக்கு கேர்னல் 6.2 வேணும். டெபியன் 12இல 6.1 எண்டபடியால் அதுக்குத் தெரியாது, பாக்போட்ஸ் எண்ட இடத்தில இருந்து புதுக் கேர்னல் போடவேணும். உங்களுக்கு டெபியன் 13, 6.12 கேர்னல், ரெண்டும் ஓடும். ஆனால் தனிக் காட் எடுத்தால் சிப்பை நீங்கள் தெரிவுசெய்யலாம். இன்ரெல் ஏஎக்ஸ்200 கேர்னல் 5.1 தொடக்கம், ஏஎக்ஸ்210 5.10 தொடக்கம். ஐடபிள்யூஎல்வைஃபை ட்ரைவர், ஃபேம்வெயார் இன்ஸ்ரோலரிலயே இருக்கு. டெபியன் 12இல இருந்து அந்த ஃபேம்வெயாரை அவை அதிகாரபூர்வமாச் சேத்தே தருகினம்.

ரெண்டு இடத்தில ஏமாறுவினம். ஏஎக்ஸ்211 எண்டு மலிவா ஒரு காட் விக்குது. அது சிஎன்விஐ வகை, வைஃபையின்ர பாதி வேலையை இன்ரெல் சிப்செற்தான் செய்யுது. ஏஎம்டி போட்டில குத்தினால் வெறும் தகரம். அடுத்தது, ஏஎக்ஸ்210ஐ எக்ஸ்1 ஸ்லொட்டுக்குரிய அடப்ரரோட வாங்கினால் கூட ஒரு மெல்லிய வயர் வரும். கன பேர் அதைப் பெட்டிக்குள்ளயே விட்டிடுவினம். புளூரூத் ஓடுறது பிசிஐஈயில இல்லை, யூஎஸ்பியில. அந்த வயரைப் போட்டின்ர 9 பின் யூஎஸ்பி ஹெடரில குத்தினால்தான் புளூரூத் தெரியும். கேஸின்ர முன் யூஎஸ்பிக்கும் அதே மாதிரி ஹெடர் ஒண்டு வேணும். அப்ப போட்டில 9 பின் ஹெடர் ரெண்டு இருக்கோ எண்டு எண்ணுங்கோ.

யூஎஸ்பி டொங்கிள் மட்டும் வாங்காதையுங்கோ. ஒரே கூட்டுக்குள்ள மாதத்துக்கு ஒரு சிப் வைச்சு விக்கிறாங்கள்.

வடலி | 2025.10.14, இரவு 8.37

இன்ஸ்ரோல் செய்யேக்க நெற் ஒண்டும் வராட்டி அன்ட்ரோயிட் போனை யூஎஸ்பி வயரால குத்தி ரெதறிங்கை ஓன் பண்ணுங்கோ. லினக்ஸ் அதை வயர் லானாத்தான் பாக்கும். ட்ரைவர் தேவையில்லை. மேல சொன்ன வாளிக் கதைக்கு இதுதான் பாதாளக் கரண்டி.

திண்ணை | 2025.10.15, காலை 6.10

வைஃபையே வேணும் எண்டாலும் எக்ஸ்1 ஸ்லொட் இன்னொண்டு மிச்சம் இருக்கிற போட்டா எடுங்கோ. காரணம் லினக்ஸ் இல்லை, இடி.

ஒக்ரோபர் நவம்பர் பின்னேரத்து மின்னலுக்குப் போட்டில முதல்ல போறது லான் போர்ட். றௌற்றருக்கு வாற லைன் செம்புக் கம்பி எண்டால் அதாலயும், இல்லாட்டி றௌற்றரின்ர மின் இணைப்பாலயும் ஏறி, லான் வயர் வழியா வந்து அந்த நண்டை வறுத்திட்டுப் போகும். மிச்சப் போட் உயிரோட இருக்கும். எக்ஸ்1 ஸ்லொட் ஒண்டு சும்மா இருந்தால் ஒரு சின்ன லான் காட்டோட வேலை முடிஞ்சுது. இல்லாட்டி யூஎஸ்பி லான் தேடவேணும். ஃபைபர் லைன் எண்டால் லைனால வராது, ஆனால் றௌற்றரின்ர பவர் அடப்ரரால வாறது வரும். மழை இருட்டினால் லான் வயரையும் சேத்துக் கழட்டிறதுதான் மருந்து. பிளக்கை மட்டும் கழட்டிப் பிரயோசனம் இல்லை.

ஏத் கம்பியையும் ஒருக்காப் பாருங்கோ. கல்லுத் தரையில கோடை காலத்தில ஏத் சரியா இறங்கிறது குறைவு. கேஸைத் தொட்டால் சுள்ளெண்டால் முதல்ல எலக்ரிசியனைக் கூப்பிடுங்கோ, பிறகு மதர்போட் கதைப்பம்.

பழைய இரும்பு | 2025.10.15, காலை 9.25

கறண்ட் கதை வந்தபடியால் சொல்லுறன். பயோஸில "றீஸ்ரோர் ஏசி பவர் லொஸ்" எண்டு ஒண்டு இருக்கு. கறண்ட் போய் வந்தால் பெட்டி தானா எழும்பவேணுமோ எண்டு கேக்கும். சேவராப் பாவிக்கிற ஆக்கள் அதை ஓன் ஆக வைப்பினம். யூபிஎஸ் இல்லாட்டி அதை ஓஃபிலயே விடுங்கோ. எங்கட கறண்ட் ஒருக்கா வந்து நிக்கிறதில்லை. வந்து, போய், திருப்பி வரும். மூண்டாம் தரம் வரேக்கதான் பெட்டி எழும்பவேணும், முதலாம் தரம் இல்லை. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை மின் உபநிலையத்தில ஏறின ஒரு குரங்கு முழு இலங்கைக்கும் றீபூட் குடுத்தது ஞாபகம் இருக்கும். அண்டைக்கு எந்தப் பயோஸ் செற்றிங்கும் உதவேல்லை.

யூபிஎஸ் வாங்கேக்கயும் பாருங்கோ. மலிவான யூபிஎஸ்ஸின்ர சதுர அலையை அக்ரிவ் பிஎஃப்சி உள்ள சில பவர் சப்ளை ஏற்காது. கறண்ட் போன கணமே பெட்டியும் போகும். வாங்க முந்தி ரெண்டையும் சேத்துக் குத்தி, சுவர்ப் பிளக்கை இழுத்துப் பாருங்கோ.

திண்ணை | 2025.10.15, காலை 9.50

அதோட பற்றரி. போட்டில இருக்கிற சிஆர்2032 செத்தால் ஒவ்வொரு கறண்ட் வெட்டுக்கும் மணிக்கூடு பழைய ஆண்டுக்குப் போகும். நெற் வந்து நேரம் சரியாக முந்தி ஏபிரி (டெபியனின்ர மென்பொருள் இறக்கி) ஓடினால் "றிலீஸ் கோப்பு இன்னும் செல்லுபடியாகேல்லை" எண்டு மறுக்கும். பிரவுசரும் சான்றிதழ் பிழை எண்டும். ஆக்கள் ரெப்போசிற்றரியை மாத்தி மாத்திப் பாப்பினம். புது பற்றரி 3 வோல்ற். மீற்றரில 2.7க்குக் கீழ காட்டினால் மாத்துங்கோ. மாத்தினாப் பிறகு பூட் பட்டியலில டெபியனைக் காணாட்டி பயப்பிடவேண்டாம், சில போட் அந்தப் பதிவையும் மறந்திடும். கிரப்பை றிமூவபிள் எண்ட தெரிவோட இன்னொருக்கா நிறுவிவைச்சால், போட் மறந்தாலும் பொதுப் பாதையில தேடி எடுத்துக்கொள்ளும்.

புதுப்பெட்டி | 2025.10.15, இரவு 9.00

விசிறி வேகம், சூடு எல்லாம் லினக்ஸில தெரியுமோ? அதுக்கு எந்தச் சிப் நல்லம்?

திண்ணை | 2025.10.15, இரவு 9.48

போட்டின்ர ஓரத்தில லான் சிப்பைவிடப் பெரிய சதுரம் ஒண்டு. நுவோட்டன் என்சிரி எண்டு தொடங்கினால் கேர்னலுக்குள்ள இருக்கிற என்சிரி6775 ட்ரைவர் பெரும்பாலும் எடுக்கும். ஐரிஈ எண்டு எழுதி ஐரி86 எண்டு தொடங்கினால் புதிய சிப்புகளுக்கு வெளியில இருந்து ட்ரைவர் எடுத்து டிகேஎம்எஸ்ஸாப் போடவேண்டி வரலாம். செக்கியூர் பூட் ஓனில இருந்தால் அதைக் கையொப்பம் வைச்சுத்தான் ஏத்தலாம். நுவோட்டனிலயே 6687 எண்டு ஒண்டு இருக்கு, அதில வாசிக்கலாம், விசிறியை ஆட்டுறதுக்கு வெளி ட்ரைவர்.

ஆனால் விசிறியை லினக்ஸால ஆட்டாதையுங்கோ. ஃபான்கொன்ரோல் நல்ல சாமான்தான், ஆனால் அது எழுதிவைக்கிற எச்டபிள்யூமொன் (சூடு, விசிறிச் சென்சர்) இலக்கம் புதுசா ஒரு காட் பூட்டினால் மாறிப்போகலாம். பிறகு அது ஓடாது, விசிறி பழைய வேகத்திலயே நிக்கும். சூட்டுக்கேத்த விசிறி வேகத்தைப் பயோஸில போடுங்கோ. எந்த ஓஎஸ் ஓடினாலும், ஒண்டும் ஓடாட்டியும், அது வேலை செய்யும். லினக்ஸில சும்மா பாத்தால் காணும். ரைசனின்ர சூடு கே10ரெம்ப் ட்ரைவரால எந்தப் போட்டிலயும் வரும்.

வேர்ச்சுவல் மெஷினுக்கு பயோஸில எஸ்விஎம் மோட் எண்டதை ஓன் பண்ணுங்கோ. கன போட் அதை மூடித்தான் அனுப்பும். ஐஓஎம்எம்யு குழு அது இது எண்டு வாசிச்சுக் குழம்பவேண்டாம். கிராபிக்ஸ் காட்டை மெஷினுக்குள்ள குடுக்கிற ஆளுக்குத்தான் அது.

வடலி | 2025.10.16, காலை 7.05

றாமை ஒருத்தரும் சொல்லேல்லை. விலை ஏறிக்கொண்டு போகுது, ஆறப்போடாதையுங்கோ. 5600ஜியின்ர படம் காட்டுற பகுதிக்குத் தனி மெமறி இல்லை, றாமைத்தான் தின்னும். ஒரு 16ஐவிட ரெண்டு 8 நல்லம். டிடிஆர்4 3200. நாலு ஸ்லொட் போட்டெண்டால் சிபியுவில இருந்து எண்ணி ரெண்டாவதும் நாலாவதும். பக்கத்துப் பக்கத்தில குத்தினால் பெரும்பாலும் ஒத்தைச் சனலில ஓடும், படம் திக்கும்.

திண்ணை | 2025.10.16, இரவு 8.20

கடைக்குப் போகேக்க கொண்டு போகவேண்டியது: டெபியன் 13 லைவ் பென்ட்ரைவ், உங்கட சிபியு, ஹெட்போன், ஒரு லான் வயர். காசு குடுக்க முந்தி மேசையில வைச்சே பூட்டி எழுப்பச் சொல்லுங்கோ. கொழும்பில பம்பலப்பிட்டிப் பக்கம் வாங்கி பஸ்ஸில ஏத்திற யோசினை இருந்தால் இதுக்காகவே உள்ளூரில வாங்குங்கோ. பிழைச்ச போட்டை அனுப்பி எடுக்கிற நாள் செலவு விலை வித்தியாசத்தைத் தின்னும்.

எழும்பினாப் பிறகு ரேர்மினலில (கீபோட் மாத்த அலுப்பு, கட்டளையையும் தமிழிலயே எழுதுறன்) எல்எஸ்பிசிஐ ஹைஃபன் என்என்கே. ஒவ்வொரு சாமானுக்கும் கீழ "கேர்னல் ட்ரைவர் இன் யூஸ்" எண்ட வரி இருக்கோ எண்டு பாருங்கோ. லானுக்கும் வைஃபைக்கும் சவுண்டுக்கும் அந்த வரி இல்லாட்டி அந்த இடத்திலயே நிப்பாட்டுங்கோ. பிறகு லான் வயரைக் குத்தி ஈத்தூலில 1000 காட்டுதோ பாருங்கோ. 100 எண்டால் வயர் அல்லது போர்ட். பிறகு டிமெசேஜில சிவப்பு வரிகள். ஏசிபிஐ பற்றிப் புலம்புற ரெண்டு மூண்டு வரி எல்லாப் போட்டிலயும் வரும், அதை விடுங்கோ. பிசிஐஈ பிழை எண்டு ஒரே வரி மழை மாதிரிக் கொட்டினால் வேற போட் கேளுங்கோ. கடைசியா சஸ்பென்ட். படுக்கப் போட்டு, ஒரு நிமிசம் பொறுத்து, எழுப்புங்கோ. இதைத்தான் ஒருத்தரும் கடையில பாக்கிறதில்லை, வீட்டுக்குப் போய் அழுகிறதும் இதுக்குத்தான்.

புதுப்பெட்டி | 2025.10.19, இரவு 10.30

வாங்கியாச்சு. பி550, மைக்ரோ ஏரிஎக்ஸ், 8111எச், நுவோட்டன் சிப், எக்ஸ்1 ஸ்லொட் ரெண்டு. பயோஸ் 2024. ஏஎக்ஸ்210 தனியா. எல்லாத்துக்கும் ட்ரைவர் வரி இருந்துது. புளூரூத் வயரும் குத்தினன் அக்கா.

ஒண்டு மட்டும் பிழை. சஸ்பென்ட் போட்டால் ரெண்டு செக்கனில தானா எழும்புது. கடையில விசிறிச் சத்தத்தில கவனிக்கேல்லை.

திண்ணை | 2025.10.19, இரவு 10.44

பி550 போட்டுகளில அறிஞ்ச வருத்தம். புரொக் ஏசிபிஐ வேக்அப் எண்ட கோப்பைக் கற் பண்ணிப் பாருங்கோ. ஜிபிபி0 எண்டதுக்கு நேர "எனேபிள்ட்" எண்டு நிக்கும். றூட்டா இருந்துகொண்டு ஜிபிபி0 எண்ட சொல்லை அந்தக் கோப்புக்கு எக்கோ பண்ணுங்கோ. "டிசேபிள்ட்" எண்டு மாறும். இப்ப படுக்கப் போட்டுப் பாருங்கோ.

புதுப்பெட்டி | 2025.10.19, இரவு 11.02

படுத்திட்டுது! ஆனால் உறுதிப்படுத்த எண்டு இன்னொருக்கா எக்கோ பண்ணினன், திருப்பி எழும்பத் தொடங்கிட்டுது.

வடலி | 2025.10.20, காலை 6.40

அது சுவிச் மாதிரி, அமத்த அமத்த மாறும். ஒற்றைத் தரந்தான். றீபூட் பண்ணினால் பழையபடி வரும் எண்டபடியால் சிஸ்ரம்டியில வன்ஷொட் சேவிஸ் (பெட்டி எழும்பேக்க ஒருக்கா ஓடுற வேலை) ஒண்டு எழுதிவையுங்கோ. அதுக்குள்ள முதல்ல "எனேபிள்ட்" இருக்கோ எண்டு கிரெப் பண்ணிப் பாத்திட்டு எக்கோ பண்ணச் சொல்லுங்கோ. இல்லாட்டி சேவிஸ் ரெண்டு தரம் ஓடின அண்டைக்குத் திருப்பி வரும்.

புதுப்பெட்டி | 2025.10.21, இரவு 8.15

செய்தன், நிக்குது. கடைசிக் கேள்வி. பின்பக்கம் சவுண்ட் வருது. கேஸின்ர முன்பக்க ஹெட்போன் ஓட்டையில வரேல்லை. ஹெட்போனைச் செருகினாலும் "அன்பிளக்ட்" எண்டே காட்டுது. கேஸ் மட்டும் பழையது.

பழைய இரும்பு | 2025.10.21, இரவு 8.32

பழைய கேஸில முன்பக்க சவுண்ட் வயரின்ர நுனியில ரெண்டு தலை இருக்கும். ஒண்டில எச்டி ஓடியோ, மற்றதில ஏசி97. எதைக் குத்தினீங்கள்? ஏசி97இல செருகினது தெரியிற கம்பி இல்லை. அதாலதான் போட்டுக்கு ஹெட்போன் இருக்கிறது தெரியேல்லை.

கேஸ் பழசெண்டபடியால் இன்னொண்டு. முந்தி உள்ள இருந்தது முழு ஏரிஎக்ஸ் போட்டெண்டால், இப்ப மைக்ரோ ஏரிஎக்ஸ்ஸுக்கு ஓட்டை இல்லாத இடத்திலயும் பித்தளைத் தாங்கி நிக்கலாம். போட்டின்ர முதுகில முட்டினால் ஷோர்ட்.

புதுப்பெட்டி | 2025.10.21, இரவு 9.05

ஏசி97ஐத்தான் குத்தியிருக்கிறன். மாத்தினன், வருது. ரோர்ச் அடிச்சுப் பாத்தன், தாங்கி ஒம்பது. போட்டில ஓட்டை எட்டு.

பழைய இரும்பு | 2025.10.21, இரவு 9.06

பிளக்கைக் கழட்டுங்கோ. இப்பவே.